என் விரலுக்குத் தெரிந்த நாடி

நான் வேலையை விட்டு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டு அறையில் ஒரு பலகை மாட்டினார்கள். இங்கே புகை பிடிக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவர் ஆணியை அடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"புகைக்கும் புண்ணுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? நெஞ்சுக்கு ஆவாதுன்னா சரி, ஒத்துக்கலாம். கையில அடிபட்டவன் பீடி குடிச்சா கைக்கு இன்னா ஆயிடப் போவுது?"

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நேருக்கு நேர் ஒரே ஆளிடம் பேசச் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிடுவேன். பக்கத்தில் நின்ற நர்சம்மா சிரித்துக்கொண்டே, "அண்ணன் பேச மாட்டாரு. எழுதுவாரு. புது ஆளுங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே. நீங்க காப்பாத்துன கேஸ் எதுனா எழுதுங்க" என்றது.

காப்பாற்றிய கேஸ்கள் எல்லாம் டாக்டர்களுடையவை. என்னுடையது என்று ஒன்றுதான் உண்டு. அதில் ஒருவன் கையை இழந்தான். அதைத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏழுமலை என்ற என் பெயரை மட்டும் மாற்றவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். கம்பவுண்டர் சிங்காரவேலுதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். காடாத் துணியைக் கிழித்துச் சுருட்டுவது, பஞ்சை மடித்து டிரம்மில் அடுக்கி ஆவியில் வேகவைப்பது, இடுக்கியைத் தரையில் போட்டால் திரும்பக் கொதிக்க வைக்காமல் தொடக்கூடாது என்பது, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடத்தில் நானே கட்டுக் கட்ட ஆரம்பித்தேன். ஜனங்கள் என்னை டிரஸ்ஸர் என்றார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் பெருக்குகிறவனாகவே இருந்தேன். அதுவும் தற்காலிகம்.

எங்கள் கட்டு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

புண்ணின் மேல் வைத்த துணி ரத்தத்தோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டால் வலியில்லாமல் கழன்று வரும். ஆனால் ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். வெளியே வராந்தா நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால் கம்பவுண்டர் ஒரு வழி வைத்திருந்தார். டிங்சர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பீடிக் கட்டு, ஒரு தீப்பெட்டி. ஆள் உட்கார்ந்ததும் பீடியைப் பற்றவைத்து அவன் வாயில் செருக வேண்டும். "இழு" என்று சொல்ல வேண்டும். அவன் நெஞ்சு நிறைய இழுக்கும் நேரத்தில் துணியை ஒரே உரியாக உரித்துவிட வேண்டும். கத்த முடியாது, வாயில் புகை இருக்கும். புண் ஆறிய ஆட்கள் போகும்போது அந்த அலமாரியில் ஒரு கட்டு பீடி வைத்துவிட்டுப் போவார்கள். சாமிக்குச் செய்வது போலச் செய்வார்கள்.

பெண்களுக்கு அது கிடையாது. அவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான். நேரம் ஆனாலும் ஊறவைத்துத்தான் எடுப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் ஒன்றைக் கவனித்தேன். ஒரே வயலில், ஒரே மாதிரி அரிவாளில், ஒரே மாதிரி ஆழத்தில் வெட்டுப்பட்டு வந்தாலும் பெண்களின் புண் சீக்கிரம் மூடியது. ஆண்களின் புண் ஓரத்தில் வெளுத்து, நடுவில் சிவப்பு வராமல் நாள் கணக்கில் கிடந்தது. பீடி அதிகம் குடிக்கிற சிலருக்குக் கால் விரல் கறுத்து, இரவில் தூங்க முடியாமல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"பொம்பள ஒடம்பு ரப்பரு மாதிரிடா. புள்ள பெக்குற ஒடம்பு இல்ல? நீ கட்ட ஒழுங்கா கட்டு, ஆராய்ச்சி பண்ணாத" என்றார்.

நான் விட்டுவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்தவர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எல்லோரும் அவருக்கு முசியே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். காலை எட்டு மணிக்கு வருவார். நான் வாசலில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நிற்க வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், துடைத்த கையால் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைப்பார். அது அவர் உதட்டின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். புண்ணைக் குனிந்து பார்க்கும்போது புகை படாமல் இடது கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். சாம்பல் ஒரு தடவைகூடப் புண்ணில் விழுந்ததில்லை. சீழ்த் துணி போடும் தட்டை நான் சரியான நேரத்தில் நீட்டுவேன், அதில் தட்டுவார். அதை ஒரு சாமர்த்தியம் என்று நாங்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

கெட்ட மனிதர் இல்லை. பாம்பு கடித்து வந்தவர்களுக்கு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வார்டில் நுழையும்போது வரும் சிகரெட் வாசனையிலேயே நோயாளிகளுக்குப் பாதி தைரியம் வந்துவிடும். "தொர வந்துட்டாரு" என்று எழுந்து உட்காருவார்கள்.

எழுபதுகளின் நடுவில், கரும்பு வெட்டும் காலத்தில், கோதண்டத்தைக் கொண்டு வந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. கொஞ்சம் நிலமும் ஒரு மாட்டு வண்டியும் வைத்திருந்த குடியானவன். வண்டியில் ஏற்றிய கரும்புக் கட்டில் யாரோ வெட்டுக்கத்தியைச் செருகி வைத்திருக்கிறார்கள். கயிற்றை இழுத்துக் கட்டும்போது கட்டு சரிந்து, கத்தி அவன் வலது முழங்கையின் உள்மடிப்பில் இறங்கிவிட்டது. அவன் மனைவி அஞ்சலை தன் புடவைத் தலைப்பைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டு இல்லாவிட்டால் வழியிலேயே போயிருப்பான்.

பெரிய டாக்டர் ஒரு கண்ணால் பார்த்தார். "பெரிய குழாய் அறுந்திருக்கு. இங்க ஆவாது. முசியே, நீ ஜீப்ல ஏறு" என்று என்னிடம் சொன்னார். டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி வரை என் கட்டை விரல் அந்த வெட்டுக்குள் அழுந்தி இருந்தது. ஜீப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் விரலுக்கு அடியில் ரத்தம் முட்டியது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய வேலை அந்த அரை மணி நேரம்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் இருந்தார். சின்ன வயது. அவன் காலிலிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்து, கையில் அறுந்த குழாய்க்கு நடுவில் ஒட்டுப் போட்டுத் தைத்தார். பத்து நாள் கழித்து, பிழைத்துக்கொண்டான், இனி உங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கட்டுக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டி வர நான்தான் போனேன். சர்ஜன் என்னை உட்காரச் சொன்னார். ஒரு டாக்டர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உட்காரவில்லை.

"உங்க விரலாலதான் இவரு பொழச்சாரு. அதே விரலுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லி, கோதண்டத்தின் மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக என் விரலை வைத்தார். நாடி துள்ளியது. "ரெண்டு மணிக்கு ஒரு தடவை இதைப் பாருங்க. நகத்தை அழுத்தி விடுங்க. வெளுத்து, உடனே சிவக்கணும். இந்தக் கையும் அந்தக் கையும் ஒரே சூடா இருக்கணும். முக்கியமா ஒண்ணு. பீடி, சிகரெட் எதுவும் கூடாது. ஒண்ணுகூடக் கூடாது. பக்கத்துல உக்காந்து எவனும் ஊதவும் கூடாது."

எதற்கு என்று கேட்கத் தயங்கி நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவர் சொன்னார். ரத்தக் குழாய்க்கு உள்ளே மெல்லிய தோல் ஒன்று உண்டு, வழவழவென்று இருக்கும், அதனால்தான் ரத்தம் எங்கும் ஒட்டாமல் ஓடுகிறது. தைத்த இடத்தில் அந்தத் தோல் உரிந்து போயிருக்கும். அது புதிதாக வளர்ந்து மூடுகிற வரை ரத்தம் அங்கே ஒட்டி உறையப் பார்க்கும். புகை உள்ளே போனால் குழாய் சுருங்கும், ரத்தத்துக்கு ஒட்டும் குணம் கூடும், புதுத் தோல் வளர்வதும் தடைப்படும். மூன்றும் சேர்ந்தால் குழாய் அடைத்துவிடும் என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு எங்கள் அலமாரியில் இருந்த பீடிக் கட்டு ஞாபகம் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் நான் எத்தனை பேர் வாயில் செருகியிருப்பேன் என்று நினைத்தேன். வழியெல்லாம் கோதண்டம் ஏதோ பேசிக்கொண்டு வந்தான். எனக்குக் காதில் விழவில்லை.

வந்ததும் முதல் வேலையாகப் பீடிக் கட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். கம்பவுண்டர் பார்த்துவிட்டார்.

"இன்னாடா ஏழுமல, டவுனுக்குப் போயி டாக்டருக்குப் படிச்சுட்டு வந்துட்டியா?"

"சர்ஜன் சொன்னாருங்க…"

"சர்ஜன் சொல்லுவாரு. கட்டுப் பிரிக்கும்போது கத்தறவன் வாய அவரு வந்து பொத்துவாரா?" என்று சொல்லி, மறுநாள் வேறு கட்டு வாங்கி அதே இடத்தில் வைத்தார்.

கோதண்டத்தை மட்டும் நான் விடவில்லை. அவனை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றி, பெரிய டாக்டர் சிகரெட்டோடு வரும்போது ஜன்னலை அகலத் திறந்துவைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களை வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அஞ்சலையிடம் சர்ஜன் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கரும்புக்கு வெட்டுன புது வாய்க்கா மாதிரின்னு சொல்லுங்கண்ணா. கரை இறுகுற வரைக்கும் எவனும் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான?" என்றாள். நான் சொன்னதைவிட அவள் சொன்னது சரியாக இருந்தது.

அன்று முதல் அவள் காவல் நின்றாள். கோதண்டத்தின் தம்பி ஒருநாள் பார்க்க வந்து, கட்டிலில் உட்கார்ந்து பீடியை எடுத்தான். அவள் அதை அவன் வாயிலிருந்தே பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள்.

"இன்னா அண்ணி, நான் குடிச்சா ஒனக்கு இன்னா?"

"ஒங்க அண்ணன் கைக்கு ஆவாதுப்பா. வெளிய போயி ரயில் மாதிரி ஊதிட்டு வா. இங்க வாணாம்."

கோதண்டம் பட்ட பாடும் கொஞ்சமில்லை. நாளைக்கு இரண்டு கட்டு குடித்தவன். "டிரஸ்ஸரே, மோந்தாவது பாக்கறேன், ஒண்ணு குடு" என்பான். திட்டுவான். என் ஆத்தாளையும் இழுப்பான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்ப்பேன். நாடி துள்ளும். அந்தத் துள்ளலுக்காக எந்த வசவையும் வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது.

பத்தாம் நாள் காலில் போட்டிருந்த கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. நரம்பு எடுத்த இடம், தொடையின் உள்பக்கம். துணி நன்றாக ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை, தினமும் காலையில் போவதுபோல, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் வந்தார். கம்பவுண்டரும் கூட வந்தார்.

"இன்னும் இன்னாடா பண்ணிகினு இருக்கே? வெளிய கூட்டம் நிக்குது" என்றார் கம்பவுண்டர். என்னை விலக்கிவிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கோதண்டம் போட்ட சத்தத்தில் வராந்தாவில் பேச்சு நின்றது.

பெரிய டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து கோதண்டத்தின் தோளைத் தட்டினார். "பாவம், எத்தினி நாளா காஞ்சி கெடக்குறான். ஒண்ணே ஒண்ணு குடுத்தா ஒண்ணும் ஆவாது" என்று தன் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். கோதண்டத்தின் வலது கை கட்டையில் கட்டியிருந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஊசி. அதனால் டாக்டர் சிகரெட்டை என்னிடம் நீட்டினார்.

"முசியே, பிடி."

நான் வாங்கவில்லை. என்னால் முடிந்தவரை சொன்னேன். "ஐயா, சர்ஜன் ஐயா வந்து… ஒண்ணுகூட…"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"அஞ்சாவதுங்க."

"நான் நாப்பது வருஷமா குடிக்கிறேன். என் கை எங்கியாவது வுழுந்து கெடக்குதா, பாரு."

கம்பவுண்டர் சிரித்தார். கோதண்டமும், கண்ணில் தண்ணீரோடு, சிரித்தான். நான் சிகரெட்டை வாங்கி அவன் உதட்டில் வைத்தேன். கம்பவுண்டர் துணியை உரித்தார். கோதண்டம் கத்தவில்லை.

அப்போது என் இன்னொரு கை, வழக்கமாகிவிட்டதால், அவன் மணிக்கட்டில் இருந்தது. இதைத்தான் நான் வேலையை விடும் வரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் மூன்றாவது தடவை இழுத்தபோது என் விரலுக்கு அடியில் நாடி மெலிந்தது. நிற்கவில்லை. துள்ளிக்கொண்டிருந்தது நூல் மாதிரி ஆயிற்று. விரல் நுனியைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நாடி பருத்தது, சூடும் திரும்பியது. டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

நான் ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, நீங்களே விரலை வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் பார்த்திருப்பார், அவர் அப்படிப்பட்ட டாக்டர்தான். ஆனால் அஞ்சாவதுங்க என்று சொன்ன வாய் மறுபடி திறக்கவில்லை.

மறுநாள் காலையும் அவர் வந்து ஒன்று கொடுத்தார். அது பிரியம். தன் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒரு குடியானவனுக்குக் கொடுக்கிறார். கோதண்டம் எட்டு மணிக்கே தலையை வாரிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தான். "பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதய்யா" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டுவான். ஆறு நாள். ஆறு நாளும் நான்தான் பிடித்தேன். ஆறு நாளும் என் விரலுக்கு அடியில் நாடி மெலிந்து மெலிந்து திரும்பியது. ஒவ்வொரு நாளும் திரும்ப அதிக நேரம் பிடித்தது.

ஏழாம் நாள் விடிந்ததும் கையைத் தொட்டேன். கை ஈரத் துணி போல இருந்தது. நாடி இல்லை. நகத்தை அழுத்தினேன், வெளுத்தது, வெளுத்தபடியே இருந்தது. "மரத்துப் போச்சுப்பா, கை மேலயே படுத்துட்டேன் போல" என்றான் கோதண்டம். அஞ்சலை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஜீப்பில் கொண்டு போனோம். சர்ஜன் தையலைப் பிரித்து உறைந்ததை எடுத்துப் பார்த்தார். மறுபடி உறைந்தது. நான்காம் நாள் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆறு சிகரெட்டால்தான் போயிற்றா என்று என்னைக் கேட்டால், அதைச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று பிறகு சில டாக்டர்கள் சொன்னார்கள். அவர்கள் விரல் அந்த மணிக்கட்டில் இருக்கவில்லை.

சர்ஜன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றாக இருந்த கை எப்படி அடைத்தது, புகை பிடித்தானா, பிடித்தான் என்றால் யார் கொடுத்தது என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இங்கிலீஷில் டைப் அடித்த தாள் இருந்தது. டாக்டர் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. கம்பவுண்டர்தான் பேசினார்.

"நோயாளி திருட்டுத்தனமா பீடி குடிச்சான். சம்சாரம் கொண்டாந்து குடுத்துச்சு. நாம பல தடவ எச்சரிச்சோம். இதான் போட்டிருக்கு. பாத்துகினவன் நீ, கையெழுத்து நீ போடணும்."

"அந்தம்மா குடுக்கலீங்களே…"

"பின்ன யாரு குடுத்தது? சொல்லு. சொல்லுடா."

டாக்டரின் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேல பர்மனெண்டுக்கு ஒம் பேரு போயிருக்குது. வூட்ல ரெண்டு புள்ளைங்க. போட்டுட்டுப் போ" என்றார் கம்பவுண்டர். குரலில் மிரட்டல் இல்லை. எனக்கு நல்லது செய்கிறவர் போலத்தான் சொன்னார்.

நான் தமிழில் ஏழுமலை என்று எழுதினேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

அந்த உறையை டவுனுக்குக் கொண்டு போனதும் நான்தான். சர்ஜன் நின்றபடியே படித்தார். அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று வார்டுக்குப் போனார், நான் பின்னால் போனேன். கட்டிலில் கோதண்டம். கீழே அஞ்சலையும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, புருஷன் கைய நீயே வெட்டியிருக்கலாமே? நான் எதுக்குத் தச்சேன்? எத்தினி தடவ சொன்னேன், ஒண்ணுகூடக் குடுக்காதீங்கன்னு! குடுத்துட்டு இப்ப ஒக்காந்து அழுவுறியா?"

அஞ்சலைக்குப் புரியவில்லை. "நான் எதுங்க குடுத்தேன்?" என்றாள். சர்ஜன் தாளை ஆட்டிக் காட்டினார். "எல்லாம் எழுதி வந்திருக்கு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமியார் எழுந்து எல்லோர் முன்னாலும் அவள் தலைமயிரைப் பிடித்தாள்.

"எம் புள்ள கைய தின்னுட்டியேடி!"

அந்தப் பேச்சு அவர்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. கை தின்னவள் என்றே அவளுக்குப் பெயர் ஆயிற்று. தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று அவள் கஞ்சி கொண்டு போனால் வாங்க மாட்டார்கள். கோதண்டம் ஒற்றைக் கையால் ஏர் பிடிக்க முடியாமல் வண்டியை விற்றான். ஏரில் நின்றதும் அவள்தான், தண்ணீர் கட்டியதும் அவள்தான். இவையெல்லாம் கட்டுக் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் என் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டே துணியைச் சுற்றுவேன்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதற்குப் பிறகு எவன் வாயிலும் நான் பீடி வைக்கவில்லை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுத்தேன். கம்பவுண்டர் ஓய்வு பெற்ற அன்று அலமாரியைக் கழுவினேன். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றபோது மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, "நல்ல கை, முசியே, ஒனக்கு" என்றார். அன்றாவது அஞ்சலை வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குப் பயப்பட யாரும் இல்லை. ஆனாலும் போகவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சுபாவத்தை எல்லாவற்றுக்கும் ஒரு போர்வை போலப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

இடுப்பு வலி தாங்காமல் வயது முடியும் முன்பே வேலையை விட்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போனேன். காலை நேரம். அஞ்சலை களத்தில் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கண்ணா. அவரு கடத்தெருவுக்குப் போயிருக்காரு."

"ஒன்னப் பாக்கத்தான் வந்தேம்மா" என்றேன். பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். யார் சிகரெட் கொடுத்தார், யார் பிடித்தது, நாடி எப்படி மெலிந்தது, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன், ஒன்றையும் விடவில்லை. நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ண்ணா. கை எடுத்த அன்னிக்கு ராத்திரியே அவரு சொல்லிட்டாரு. தொர பிரியமா குடுத்தாரு, அவரு பேர வெளிய சொல்லிடாதன்னு எங்கிட்டயே சத்தியம் வாங்கினாரு."

"தெரிஞ்சுமா நீ…"

"நான் சொன்னா எவன் நம்புவான்? பழிய தொர மேல தள்ளுறா பாருன்னு இன்னும் நாலு பேரு பேசுவான். பாத்தது நீங்க. ஆஸ்பத்திரி ஆளு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன்."

"இப்ப சொல்றேம்மா. ஊர்ல நாலு பேரக் கூப்பிடு. எங்க வேணாலும் சொல்றேன்."

அவள் நிமிர்ந்தாள். "பேசினவங்கள்ல பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்கண்ணா. எம் மாமியா போன வருஷம் போச்சு. ஏழு நாளு இழுத்துகினு கெடந்துச்சு. பால் ஊத்தப் போனேன். வாய மூடிகிச்சு. கடசி வரைக்கும் எங்கையால ஒரு சொட்டு எறக்கல. போன வருஷம் நீங்க வந்திருக்கலாம்."

களத்து ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியிருந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. என் முன்னால் நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி, வாங்கத் தெரியாமல் இருந்தேன்.

"குடிங்கண்ணா" என்றாள் அஞ்சலை. "ஒண்ணும் ஆவாது."